கடைமடைக்கு அனுமதி

"விஜிலா மேடமா? லஸ்கர் சிவதாணு பேசுகேன்.
கொளத்துல வெள்ளம் கெடக்கு மேடம்,
ஒங்க பெட்டிக்குள்ளதான் ஏறமாட்டேங்கு."

புளியடிக்குளம். நீர்மட்டம் நாலே முக்கால் அடி.
எண்ணைத் தட்டினால் சிவப்பில் வருகிறதாம்:
அனுமதி இல்லை.
நாலு நாளாய் அந்த நாலே முக்கால்
அவர் சட்டைப்பையில்,
பஸ் டிக்கெட்டின் முதுகில்.

எங்கள் தரவுத்தளம் ஒரு மரமாக்கும்.
உச்சியில் பேச்சிப்பாறை,
அதன்கீழ் புத்தன் அணை,
அதன்கீழ் அனந்தனார் கால்வாய்,
பிறகு கிளை, மடை, குளம்.
இத்தனை குளத்துக்கும் தனித்தனியே
யார் பார்க்கலாம் யார் எழுதலாம் என்று
குறித்துவைக்க நாகர்கோவிலில் ஆளில்லை.
மேலே ஒருமுறை சொன்னால் போதும்.
இன்று காலை சேர்த்த குளமும்
தன்னிடம் ஒரு எழுத்தும் இல்லாமலே
கேட்கும்போதெல்லாம் மேலே ஏறிப்போய்
பார்த்துவந்து சொல்லும்.
அனுமதி குளத்தில் இல்லை,
வருகிற வழியில் இருக்கிறது.

வழியைப் பிடித்து ஏறினேன்.
குளம் சரி. மடை சரி.
மூன்றாம் கிளையில் ஒரு சின்னக் கட்டம்:
மேலிருந்து வருவதை ஏற்காதே.
டிக் விழுந்திருந்தது.
பக்கத்தில் தேதி, போட்டவர் பெயர்.
விஜிலா.
வேலைக்கு வந்த இரண்டாம் வாரம்.

அன்றைக்கு ஒரு பொறியாளர் கத்தினார்,
யார் யாரோ எழுதுகிறார்கள், அடை என்று.
ஷட்டரை இறக்குவதுபோல இறக்கினேன்.
அப்போது அது ஒன்றே ஒன்று கேட்டது:
இதுவரை பெற்றதை
நகலெடுத்து வைத்துக்கொள்ளவா, துடைத்துவிடவா?
மூன்றாவது பொத்தான் இல்லை.
நகல் என்றேன்.
அதற்குப்பின் மேலே யார் வந்தார், யார் போனார்,
கிளைக்குச் சேதி இல்லை.
சிவதாணு வந்தது தெரியாது.
அவருக்கு முந்தைய லஸ்கர் யேசுதாசன்
ஓய்வு பெற்றுப் போய்
திங்கள்சந்தையில் கோழித்தீவனம் விற்பதும் தெரியாது.

டிக்கை எடுத்தேன்.
"இப்பப் போட்டுப் பாருங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஒரு டிராக்டர் மட்டும் பேசியது.
"ஏறிட்டு மேடம்."

போனை வைத்தபின் சும்மா மேற்கே உருட்டினேன்.
நெய்யாறு இடதுகரைக் கால்வாய்.
விளவங்கோடு முழுக்கக் கிளைகள், மடைகள்,
ஒழுங்காய்ப் பெயர் வைத்த குளங்கள்.
கால்வாய் வரத்து: சுழி, சுழி, சுழி.
மேல்கணு: காலி.
அணை இல்லாமல் இல்லை,
எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு மரத்தில் இருக்கிறது.
ஐம்பத்தாறில் எங்களைத் தாலுகாவோடு எடுத்து
இங்கே கொண்டுவந்து ஒட்டினார்கள்,
கேட்டு வாங்கிய இடம்தான், குறையொன்றும் சொல்வதற்கில்லை.
நகர்ந்த கிளைக்குப் புது மேல்கணு தருவது வரும்,
பழையது தந்தது நின்றுபோகும்,
தன்பேரில் தனியே எழுதியிருந்தால் ஒழிய.
அங்கிருந்தும் ரொம்ப நாள் வந்துகொண்டுதான் இருந்தது.
பிறகு யாரோ பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும்.
வெள்ளம் என்கிற சொல்
எங்கள் பேரில் எழுதியிருந்தது போல, கூடவே வந்துவிட்டது.
அருமனையில் என் வீட்டுக் கிணறு
போன கோடையில் பதினெட்டு உறை இறங்கியது.

மூன்றாம் கிளைக்குத் திரும்பினால் யேசுதாசன் அங்கேயே.
மேலிருந்து வந்தவர் மேலே அடித்தால் போய்விடுவார்.
நகலில் வந்தவர் போகமாட்டார்,
கையால்தான் எடுக்க வேண்டும்.
அவருடைய வருகைப் பதிவைத் திறந்தேன்.
தினமும் விடியற்காலை ஐந்தேகால்.
புளியடிக்குளம். பார்த்தார்.
புளியடிக்குளம். பார்த்தார்.
இரண்டு வருடத்தில் ஒரு எண்ணும் எழுதவில்லை.
இந்த நாலு நாளும்
வெறும் கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

எழுதும் அனுமதியை எடுத்தேன்.
பார்ப்பதை விட்டுவைத்தேன்.
விதிப்படி தப்பு.
தணிக்கை ஜனவரியில்.