கயிற்றின் மறுமுனை

கல்லோயா வாய்க்கால் உடைத்த மூன்றாம் நாள்
சம்மாந்துறைக்கு மேற்கே, வட்டையில்
வரம்பென்று ஒன்றும் மிச்சமில்லை.
அகமதுலெவ்வைப் போடியாரின் நாலு ஏக்கரும்
சீனித்தம்பியின் ஒன்றரையும்
ஒரே சேறு, ஒரே வானம்.

என் கருவியின் பேட்டரி பத்து மணிக்கே செத்தது.
புதிதுக்குக் கச்சேரியில் எழுதிக்கொடுத்து ஏழு மாதம்.
சங்கிலி பிடிக்கும் பூபாலபிள்ளைக்கு
மேலதிக நேரக் காசு வராமலும் ஏழு மாதம்.

வட்டைவிதானையிடம் நைலோன் கயிறு கேட்டேன்.
சம இடைவெளியில் பன்னிரண்டு முடிச்சு,
முனையோடு முனை சேர்த்து ஒரு வளையம்.
மூன்றில் ஒரு முளை, அடுத்த நாலில் ஒரு முளை,
மீதி ஐந்து தானாக வந்து மூடும்:
பிசகாத மூலைமட்டம்.
"இதென்ன புள்ள, புதுக் கம்ப்யூட்டரா?"
பழசு, என்றேன். மிஸ்று நாட்டுப் பழசு.

அங்கே நைல் ஒவ்வோர் ஆண்டும் வரம்பைத் தின்னும்.
வெள்ளம் வடிந்ததும் கயிற்றுக்காரர் இறங்குவார்கள்.
பின்னாலேயே எழுத்தன், நாணல் பேனாவோடு,
இன்னும் விளையாத கதிருக்கு வரி எழுத.

பிர்அவ்னை எங்களுக்குத் தெரியும்.
கடல் பிளந்து, மூடி, விழுங்கியவன்.
அவன் நாட்டு அளவுகாரனைப் பற்றி
ஓதப் போன இடத்தில் யாரும் சொல்லவில்லை.
அரச கல்லறை குடைந்த கூலிகள்
தானியப்படி வராத மாதம்
உளியைப் போட்டுவிட்டுக் குந்திக்கொண்டதையும்
நான் பிறகுதான் வாசித்தேன்.
பூபாலபிள்ளைக்குச் சொன்னேன்.
"மறுகா? கிடைச்சதா அவங்களுக்கு?"

எங்கள் ஊர்போலவே அங்கும்
வளவு பெண்ணின் பேரில் இருக்கலாம்.
அவள் விற்கலாம், வழக்காடலாம்,
செத்தபின் ஆணைப்போலவே
அந்த மண்டபத்துக்கும் போகலாம்:
நாற்பத்திரண்டு நீதிபதிகள், ஒரு தராசு.
ஒரு தட்டில் நெஞ்சு,
மற்றதில் ஓர் இறகு.
சொல்ல வேண்டியதெல்லாம் இல்லைகள்தான்.
ஓடும் தண்ணீரை மறித்ததில்லை.
அளவுகோலைக் குறைத்ததில்லை.

சத்தமாகச் சொல்லிக்கொண்டே முளை அடித்தேன்.
போடியார் வக்கடைப் பக்கம் திரும்பி இருமினார்.
சீனித்தம்பி சிரித்தார். கொஞ்ச நேரத்தில்
அவரும் சிரிக்கவில்லை.

அடுத்தவர் நிலத்தில், என்று தொடங்கி
என் நாக்கு நின்றது.

மருதமுனை. கடல் வந்து போன எட்டாம் நாள்.
எங்களில் யாரும் பிர்அவ்ன் இல்லை.
வேலி இல்லை. மைமூன் ராத்தா இல்லை.
அவர் பிள்ளைகள் நாலு பேரும் இல்லை,
கட்டாரில் இருந்த இல்ஹாம் மட்டும்.
வாப்பா கயிற்றை இழுத்தார்.
ராத்தாவின் கிணற்றடிப் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.
நின்றார்.
இன்னும் ஒரு எட்டு.
"நாளைக்கு உனக்குத்தானே ஊடு கட்டணும்."
எனக்குப் பதினொரு வயது.
மறுமுனையைப் பிடித்திருந்தது நான்.

அந்த இரண்டு எட்டின்மேல் இப்போது என் குசினி.
காலையில் தேநீர் அங்கேதான் கொதித்தது.

மிஸ்றுக்காரர் கெட்டிக்காரர்.
பிணத்தின் நெஞ்சில் கல்லில் செய்த சாணிவண்டை வைத்து
அதன் வயிற்றில் கெஞ்சி எழுதுவார்கள்:
நெஞ்சே, எனக்கெதிராகச் சாட்சி சொல்லாதே.
தராசும் வேண்டும், தப்ப ஒரு துவாரமும் வேண்டும்.
என்னிடம் வண்டு இல்லை.
சேற்றில் ஒரு கொக்கிறகு ஒட்டிக் கிடந்தது.
எடுத்தேன். ஈரத்தில்
அதுவும் கனமாகத்தான் இருந்தது.

பின்னேரம் இருவரிடமும் கையொப்பம் வாங்கினேன்.
கயிற்றை அவிழ்க்கப் பார்த்தால்
நனைந்த முடிச்சு நகத்துக்கு மசியவில்லை.
விதானையிடம் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு
அப்படியே பைக்குள் திணித்தேன்.

ஞாயிறு லீவு.
வாப்பா அசர் தொழுதுவிட்டு வருவார்.
இல்ஹாமின் டோஹா நம்பர் போனில் கிடக்கிறது,
ஒருநாளும் எடுக்காத நம்பர்.
அதற்கு முன் அளக்க வேண்டும்.
கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.
மறுமுனையைப் பிடிக்க
ஒரு ஆள் வேண்டும்.