கூடுமா, குறையுமா

கீழே ஊது விற்கிறார்கள்.
மாலை ஐந்துக்கு அவர்கள் பகூர் கொளுத்தினால்
புகை லிஃப்டுக்குக் காத்திருப்பதில்லை,
படியேறி நேரே என்னிடம் வரும்.
வாசனை பட்டால் மருந்து செத்துவிடும் என்று
கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததால்
முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிகளையும்
டேனிஷ் பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி
மூடிக்கு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.
ஷார்ஜா, ரோலா, இரண்டாம் மாடி.

பூவலிங்கம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை,
ஓவர்டைம் முடித்த சட்டையோடு.
சாரம் கட்டுகிற வேலை.
"தலவலிக்கு மாத்திர தாங்க மேடம்."
தலைவலிக்கு என்னிடம் மாத்திரை இல்லை,
தலைவலி வந்திருக்கிற ஆளுக்குத்தான் இருக்கிறது.
இதைச் சொன்னால் பாதிப்பேர் எழுந்து
எதிர் பார்மஸிக்குப் போய்விடுவார்கள்.
சொல்லவில்லை. பிரஷர் பார்த்தேன்,
கண் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதினேன்,
பிறகு ஆரம்பித்தேன்.

எத்தனை மணிக்கு?
"பத்துக்கு. உள்ளருந்து சுத்தியலால அடிக்கிற மாதிரி."
எத்தனை சுத்தியல்?
அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"சின்னது. நெறைய."

வெயிலில் கூடுமா, குறையுமா?
இந்த ஊரில் இதைக் கேட்க எனக்கே வெட்கம்.
புத்தகம் எழுதியவருக்குக் கோடை என்பது
மூன்று மாதம், அதுவும் ஜன்னலுக்கு வெளியே.
இங்கே வெயிலில் கூடாத நோயை நான் பார்த்ததில்லை.
எல்லோருக்கும் பொதுவானது
ஒருவரைக் காட்டித் தராது.
அடித்துவிட்டேன்.

எந்தப் பக்கம் படுப்பீர்கள்?
"மேல் கட்டில். பொரள எடமில்ல."
நாக்கு எதைக் கேட்கும்?
"ஊறுகா. சும்மாவே நக்குவேன்."
கனவு?
"திருடன் வர்றான்.
முழிச்சு லைட்டப் போட்டுக் கட்டிலுக்கடியில தேடுவேன்.
ரூம்ல திட்டுவாங்க."
எதைத் திருட வருகிறான்?
யோசித்தார். பாஸ்போர்ட் கம்பெனியில்.
சம்பளம் ஊரில்.
"அதான் தெரியல."

அழுகை வந்தால்
பக்கத்தில் ஆள் வேண்டுமா, வேண்டாமா?
கீழுதட்டின் நடுவில் ஒரு வெடிப்பு.
காலரில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாய்
அலை விட்டுப்போன கோடுகள்.
"பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு..."
அதற்குமேல் சொல்லவில்லை.

அதுவரை மூன்று மருந்துகள் வாசலில் நின்றன.
இரண்டு திரும்பிப் போயின.
நான்காவது டப்பா, நேட்ரம் மூர், இருநூறு.

கை படாமல் மூடியில் கொட்டி நாக்கடியில் போடணும்.
காபி கூடாது, புதினா பேஸ்ட் கூடாது,
கோடாலித் தைலம் கூடவே கூடாது.
அங்கேதான் முகம் வாடிற்று.

"என்ன மருந்து இது?"
உப்பு.
"எந்த உப்பு?"
சோற்றில் போடுகிறதுதான்.
"எவ்வளவு இருக்கும்?"
உங்கள் காலரில் இருப்பதைவிடக் குறைவு.

உண்மையில், இல்லை என்கிற அளவுக்குக் குறைவு.
கரைத்து, குலுக்கி, கரைத்து, இருநூறு முறை.
அந்தக் கணக்கை இரவில் போட்டுப் பார்த்துத்
தூங்காமல் கிடந்திருக்கிறேன்.
அந்தத் தூக்கமின்மைக்கு எது பொருந்தும் என்றும்
தேடியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம்,
ஐந்து ஜோடி.
அறை பதினேழு மொத்தமாக வந்திருந்தது.
குப்பி காலி. ஆளாளுக்குப் போட்டுக்கொண்டார்களாம்,
பிறந்தநாள் கேக் மாதிரி.
ஒருவருக்கு மூட்டு. ஒருவருக்கு வயிறு.
ஒடிசாக்காரருக்கு என்னவென்றே தெரியவில்லை.
சில்ஹெட்காரர் காதைத் தொட்டுக் காட்டினார்.
அதே சீனி வேண்டும் எல்லோருக்கும்.
ஒரே பஸ், ஒரே பருப்பு, ஒரே ஏசி,
அப்புறம் மருந்து மட்டும் எப்படி வேறாகும்?

உங்கள் தலைவலி என்னாயிற்று என்றேன்.
"இருக்கு மேடம். இப்பப் பதினொண்ணுக்குத்தான் வருது."
ஒரு மணி நேரம்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.

நான்கு புதுத் தாள் எடுத்தேன்.
கீழே கொளுத்திவிட்டார்கள்.
கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு
நான் வந்து உட்காருவதற்குள்,
சில்ஹெட்காரரின் காதருகே குனிந்து
தனக்குத் தெரிந்த இந்தியில்
பூவலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்,
எத்தனை சுத்தியல்?