ஆருக்கு எவ்வளவு

சோதனைச் சாவடியைப் பூட்டி எட்டாவது வருஷம்
கிராம சபையில் நிலமதிப்பைப் பேச எடுத்தார்கள்.
கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே,
பனைகள் கோயம்புத்தூர்ப் பக்கம் சாய்ந்திருக்கும்
கடைசி வார்டு.
அங்கன்வாடியில் குழந்தைகளின் பாயை உதறிப் போட்டு
முப்பத்தொரு பேர்.
பேச்சு தமிழில் நடக்கும்.
மினிட்ஸ் மலையாளத்தில் போக வேண்டும்.
நடுவில் இருக்கிற ஆள் நான். தினக்கூலி.

வில்லேஜ் ஆபீசர் ப்ரசீதா ஒற்றப்பாலத்துக்காரி.
‘நியாயவில’ என்று அவர் தொடங்கியதும்
பின்வரிசையில் இரண்டு பேர் பையைத் தடவி
ரேஷன் கார்டை எடுத்தார்கள்.
அரிசிக்கு இல்லை, மண்ணுக்கு அரசு போட்ட விலை என்று
எழுந்து நின்று சொன்னேன்.
ஒருவர் வீட்டுக்கே போய்விட்டார்.

“சாவடி முக்கு, ரோட்டோரம், வணிக இடம்.
ஒரு ஆருக்கு மூணு லட்சத்து இருபதாயிரம்.”
“ஆருக்கு?” என்றாள் மயிலாத்தாள்.
ஆர் என்பது அளவு, ஏறக்குறைய இரண்டரை செண்ட் என்றேன்.
“அளவு கெடக்கட்டும்.
அந்தப் பணம் ஆருக்குன்னு கேளு.”

கேட்கவில்லை. அவளே பேசினாள்:
லாரி நின்ன காலத்துல போட்ட வெலைங்க அது.
சீல் குத்தறதுக்கு ராத்திரி பூரா நிப்பாங்க.
நிக்கறவனுக்குப் பசிக்கும்.
எம்பட பரோட்டாவுக்குன்னு வந்தவன் ஒருத்தனும் இல்லீங்க,
காத்திருக்க வந்தவன் தின்னான்.
இப்பக் கடுதாசி போன்ல போகுது,
வண்டி அது பின்னாலயே போகுது.
மூணு செண்டை வித்துக் கடன் அடைக்கலாம்னா
வாங்கறவன் தர்ற காசு ஒண்ணு,
பத்திரத்துக்கு நீங்க கேக்கற கணக்கு ஒண்ணு.
வேலந்தாவளத்துக்காரன் ரெண்டு தரம் வந்து
டீ குடிச்சுட்டுப் போயிட்டான்.
ரெண்டாந்தரம் டீக்கும் காசு தரலை.

கனி ராவுத்தர் கையைத் தூக்கினார்.
குறைக்காதீங்க, கூட்டினாலும் சரி.
பழைய எடைமேடையில் தக்காளிக்குக் குளிர்க்கிடங்கு கட்ட
பேங்கில் மனுப் போட்டிருக்கிறார்.
மேனேஜர் தக்காளியைப் பார்ப்பதில்லை,
ஆரைத்தான் பார்க்கிறார்.
“அடமானத்துக்கு ஒசந்தது, விக்கறப்பத் தாழ்ந்தது,
அப்படி ஒரு வெலை இருந்தா எழுதுங்களேன்.”
தலைவர் சகாயமேரி சிரித்துவிட்டு
மைக்கை மூடிக்கொண்டார்.

வெளியே போய் இடத்தைப் பார்த்தோம்.
ப்ரசீதா குனிந்து ஒரு கை மண்ணை எடுத்தார்.
டீசல் வாசம்.
விவசாய பூமி என்று மாற்ற முடியாது,
புல்லும் சாட்சி சொல்லாது.

மேல்முறையீட்டுப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
தீப்பெட்டி அகலம்.
அவளுடைய எட்டு வருஷத்தையும் மடித்து
‘வண்டி நிற்பதில்லை’ என்று மலையாளத்தில் எழுதினேன்.
இரண்டு மொழியிலும் ஏறக்குறைய அதே சொற்கள்.
அதனாலேயே
சரியாக எழுதிவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாம் மாதம் பதில் வந்தது,
போக்குவரத்துக் கழகத்திலிருந்து.
மனு பரிசீலிக்கப்பட்டது.
காலை ஏழேகாலுக்கும் மாலை ஐந்தரைக்கும்
சாவடி முக்கில் பேருந்து நின்று செல்லும்.
மறுநாளே ப்ரசீதாவின் போன்:
நிறுத்தம் வந்த இடத்துக்குப் பத்து சதவீதம் கூடும்.
ஞான் எந்து செய்யானா, என்றார்.
நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்.

முதல் நாள் பேருந்து நின்றது.
கனி ராவுத்தர் மட்டும் கை தட்டினார்.
யாரும் இறங்கவில்லை.
மயிலாத்தாள் கண்டக்டரின் ஜன்னலுக்குக் கீழே போய்
எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள்.

ஒரு நிமிஷம்.

“ஒரு நிமிஷத்துல
பாலே பொங்காதே, சாமி.”