நாலாம் வாய்க்கால்: அட்மின்

செயலாளரின் போன் குளத்துக்குள் விழுந்த கிழமை
என்னை அட்மின் ஆக்கினார்கள்.
பெரிய காரணம் இல்லை.
மல்லாவிச் சந்தியில் ரீலோட் கடை வைத்திருக்கிறேன்,
என் போனில் எப்போதும் சார்ஜ் இருக்கும்.

நூற்றிப் பதினேழு பேர்.
குழுவின் தலையில் ஒரே ஒரு வரி:
'தண்ணி விசயம் மட்டும்.'
நீர்ப்பாசன ஐயா போட்டது.
ஐயா மாற்றலாகிப் போய்விட்டார், வரி நிற்கிறது.

மற்றதெல்லாம் ஒருவரும் எழுதவில்லை.
கட்டாக்காலி மாடு பயிருக்குள் நின்றால்
குறி தெரியப் படம் போடலாம்,
சொந்தக்காரரின் பெயர் போடக் கூடாது.
பொழுதுபட முன்னம் அவரே கயிற்றோடு வருவார்.
கடைசி வயல்காரர் 'இன்னும் வரேல்லை' என்றால்
தலைப்பு வயல்காரர் கீழே சிரிப்புப் போடக் கூடாது.
மே மாதம் மூன்றாம் கிழமை பிறந்தநாள் கேக் வராது.
ஒருமுறை புதுப் பெடியன் ஒருவன் போட்டான்.
எல்லாரும் பார்த்தார்கள்,
ஒருவரும் வாழ்த்தவில்லை.
அவனே எடுத்துவிட்டான்.

சிறுபோகத்தில் ஒருநாள், இரவு ஒன்று நாற்பது.
சூரிச்சில் அப்போது பத்து மணி இருக்கும்.
பேரின்பராசாவின் குரல்,
இரண்டு நிமிசம் பதினான்கு செக்கன்.
இங்கே மூன்று ஏக்கர் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்,
அதனால் குழுவில் இருக்கிறார்.
தண்ணியில்தான் தொடங்கினார்.
பிறகு எல்லைக்கல்லு. பிறகு முள்ளுக்கம்பி முகாம்.
பிறகு அங்கே ஆளைப் பார்த்துத் தலையாட்டினது யார்,
அந்தத் தலையாட்டலோடு போனது யாற்ற தம்பி என்று
பெயரோடு.
அந்தப் பெயர்க்காரர்
குழுவில் எண்பத்தி மூன்றாவது ஆள்.

நீக்கினேன்.
யோசித்துத்தான் என்று சொல்ல மாட்டேன்.
பால் பொங்கினால் கை போகுமே, அப்படி.

நீக்கினாலும் ஒரு தடம் கிடக்கும்:
'அட்மின் இதை நீக்கியுள்ளார்.'
நண்டு துளைத்த வரம்பைக்
களி வைத்து மிதித்தால் தண்ணி நிற்கும்.
எந்த இடம் என்று வாய்க்கால் முழுக்கத் தெரியும்.
அதற்குள் பதினொரு பேர் கேட்டிருந்தார்கள்.

விடிந்ததும் யூரியா விலை கேட்டார்கள்.
யானை வேலியில் கரண்ட் இல்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் எண்பத்தி மூன்றின் மனைவி துளசிமலர்:
'எங்கட மடைக்குத் தண்ணி வரேல்லை.'
ஒருவரும் சிரிப்புப் போடவில்லை.
ஒருவரும் எதுவும் போடவில்லை.
அவ்வளவு ஒழுங்கான குழு.

டோர்ச்சோடு போனேன்.
உரப்பையில் மண் நிரப்பி மடையை அடைத்து
மேலே கல்லும் ஏற்றியிருந்தது.
பையில் கடையின் பெயர் இருந்தது.
வெளிச்சத்தை அந்தப் பக்கம் பிடிக்கவில்லை.
இழுத்து எறிந்தேன், முழங்கால்வரை சேறு.
'மடை திறந்தாச்சு' என்று போட்டேன்.
மாட்டுக்குச் செய்வதுதான், பெயர் இல்லாமல்.

பால் பொங்கியது என்று சொன்னது பாதிப் பொய்.
அழிக்க முன்னம் அந்தக் குரலை
எனக்கே ஒருதடவை அனுப்பினேன்.
நாலுதரம் கேட்டுவிட்டேன்.
ஐம்பதாவது செக்கனில் மூச்சு இழுக்கிறார்.
தம்பியின் பெயரை ஒரே ஒருக்கால் சொல்கிறார்,
சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.
உண்மையோ எனக்குத் தெரியாது.
என் அண்ணனும் அந்த வரிசையில் நின்றவர்.
எண்பத்தி மூன்று கடைக்கு வருகிறபோதெல்லாம்
மிச்சக்காசைத்தான் கொடுத்திருக்கிறேன்,
ஒன்றும் கேட்டதில்லை.
கேட்கக் கூடாதென்று யார் எழுதியது?
எழுதாத அந்த வரியைப் பார்க்கப் பார்க்க
என் கையெழுத்துப் போலவே இருக்கிறது.

தனியே ஒரு செய்தி வந்திருக்கிறது, சூரிச்சிலிருந்து.
'ஏன் அழிச்சனீங்கள்?'

எழுதுகிறேன். அழிக்கிறேன்.
திரும்ப எழுதுகிறேன்.
அங்கே அவருடைய திரையில்
'எழுதுகிறார்… எழுதுகிறார்…' என்று
காட்டிக்கொண்டே இருக்கும்.