வளையமா, வரப்பா

மேலப்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில்
ஃபேன் றெக்கைகளுக்கும் குக்கர் மூடிகளுக்கும் நடுவில்
கிடந்ததாம் இந்தக் கொம்பு.
சாக்கில் சுற்றி, வனத்துறை ஜீப்பில் ஏற்றி,
கூடவே கடைக்காரர் மைதீன் பிச்சையையும் ஏற்றி
பாளையங்கோட்டைக்கு, எங்கள் கல்லூரி மியூசியத்துக்கு
கொண்டுவந்து இறக்கினார் வனவர் சொரிமுத்து.

"திருகு இருக்குல்லா மேடம்.
வல்லநாட்டு மான்தான். ஒரு கையெழுத்து போதும்."
படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தில்
பென்சிலால் 'வெளி' என்று பாதி எழுதி
மீதிக்கு என் முகத்தைப் பார்த்தார்.
மைதீன் பிச்சை யார் முகத்தையும் பார்க்கவில்லை.
ஜாமீன் கிடைக்காது என்று யாரோ
வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பீரோவைத் திறந்து எங்கள் வெளிமான் கொம்பை எடுத்தேன்.
இரண்டையும் மேஜையில் கிடத்தி
கண்ணை மூடிக்கொண்டேன். விரல்தான் சரியாகப் படிக்கும்.

வெளிமான் கொம்பில் வளையம், வளையம், வளையம்.
சைக்கிள் செயினில் நகம் ஓடுவதுபோல.
மற்றதில் வளையமே இல்லை.
அடியிலிருந்து நுனிவரை ஒரே ஒரு வரப்பு
சுற்றிச் சுற்றி ஏறிப் போகிறது,
ஆற்றங்கரை வயல் ஒன்றை
யாரோ பிழிந்து காயப்போட்ட மாதிரி.

"இது குடு" என்றேன்.
"யாரு குடுத்தா?" என்றார் சொரிமுத்து.

குடு. ஆப்பிரிக்காவில் இருக்கிறது.
அந்தக் குடும்பத்தில் மொத்தம் ஒன்பது பேர் என்பார்கள்.
புதர்மான் ஒன்றையே எட்டாகப் பிரித்து
சண்டை போடுகிறவர்களும் உண்டு.
சிட்டாடுங்கா சேற்றில் நடக்கக் குளம்பை நீட்டிக்கொண்டது,
பயந்தால் மூக்கை மட்டும் வெளியே விட்டு முங்கிவிடும்.
ஈலாண்ட் மாடு கனம், நடந்தால் முட்டி சொடுக்கும்.
போங்கோவுக்கு உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு,
வெயில் இலையிடுக்கில் ஒழுகி அப்படியே உறைந்தது.

"பொட்டைக்கும் கொம்பு உண்டுமா?"
முதன்முதலாக வாய் திறந்தார் மைதீன் பிச்சை.
போங்கோவில் உண்டு. ஈலாண்டில் உண்டு.
குடுவில் கிடையாது.
அவர் தலையாட்டினார், விலை படிந்ததுபோல்.

"அப்போ நம்ம மானுக்கும் திருகு இருக்கே,
சொந்தம் இல்லைன்னு எப்படிச் சொல்லுதீங்க?"

இல்லை வனவரே.
ஒரே மழைக்கு இரண்டு தெருவில்
தனித்தனியாக விரிந்த குடைகள் இவை.
திருகுக்கொம்பின் பங்காளிகள் இந்தியாவில் இரண்டே பேர்:
குட்டைக்கொம்பு நீலான்,
நான்கு முளைக்குச்சி அடித்த நாற்கொம்பு மான்.
இரண்டிலும் தேடினாலும் ஒரு புரி கிடைக்காது.

கொம்பைப் பார்த்துக் குலம் எழுதுவது
எவ்வளவு சுலபமாக வருகிறது நமக்கு.
பேரைக் கேட்ட கையோடு அடுத்த கேள்வி
எந்தத் தெரு என்று வந்து நிற்கும் ஊர் இது.
அதை நான் சொல்லவில்லை.
டேப்பை மடித்து வைத்தேன்.

ஹைகிரவுண்டில் காலி செய்த பங்களா ஒன்றில்
எடைக்கு வாங்கியதாம்.
அந்த வீட்டுப் பெரியவர் மொம்பாசாவில் கணக்கெழுதியவராம்.
ஜோடிக் கொம்பு என்னவாயிற்று என்று கேட்டேன்.
தெரியாது என்றார்.
ஒரே தலையில் ஒன்று வலம்புரி, மற்றது இடம்புரி.
எந்தச் சங்குக்கும் வாய்க்காதது.
அதில் பாதி இங்கே, மேஜைமேல்.

சொரிமுத்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ரப்பர் இல்லை. கட்டமோ கட்டைவிரல் அகலம்.
கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு
'வெளி'க்குப் பக்கத்தில்
'யூர் மான்' என்று எழுதி முடித்தார்.

கொம்பைப் பீரோவில் பூட்டினேன்.
சாக்கை மட்டும் திருப்பிக் கேட்டார் மைதீன் பிச்சை.