மூன்றாவது சீற்

ஏழரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால்
ஒன்றரை மட்டும் எனக்கு வேலையில்லை.
வாகை நிழலில் வான். கதவு திறந்தபடி.
மற்ற ட்ரைவர்மார் கடுதாசி விளையாட
நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
ஊசியில் நூல் கோர்க்கிறேன்.

மூன்றாவது சீற் உறையைக்
கொம்பாஸ் முனையால் கிழித்திருந்தது
யாரென்று தெரியும்.
ஆறாம் வகுப்பு அபிநயன். வாய் திறக்காத பிள்ளை.
அன்றைக்குக் கணக்குச் சோதனை.
புது உறைக்குக் கடைக்காரன் கேட்ட காசில்
இரண்டு கிழமை டீசல் அடிக்கலாம்.
கிழிசல் தைப்பது எப்படி என்று போனில் தேடப்போய்
விரல் எதிலோ பட்டு வந்து நின்றது
ஜப்பான் டார்னிங்.
'கிழிசலை இழைவிட்டு நிரப்பும் தையல்' என்று
போனே தமிழிலும் சொன்னது.

எங்கள் ஊருக்கு ஜப்பான் என்றால்
சீனன்குடாக் காட்டுக்குள்
எரிந்து சுருங்கிய எண்ணெய்த் தாங்கி.
எனக்கென்றால் இந்த வான்.
நாலு லட்சம் கிலோமீற்றர் ஓடியும் அழியாமல்
பின்கதவில் ஒரு வரி எழுத்து.
பூக்கடையின் பெயராம்.
லாபிர் நானா சொல்வார். அவருக்கும் தெரியாது.

வீடியோவில் முகம் இல்லை, இரண்டு கை.
பாஷை விளங்காததால் சத்தத்தை நிறுத்திவிட்டேன்.
முதலில் வரிசை வரிசையாக நூலோடல்.
மேலே தெரிவது ஒரு நெல் நீளம்,
துணிக்குள் ஒளிவது அரை நெல்.
அடுத்த வரிசைத் தையலின் நடு வயிறு
மேல் வரிசை இடைவெளிக்கு நேர் கீழே வரவேண்டும்,
செங்கல் அடுக்கின மாதிரி.
பிறகு
மேல் தையல் முடியுமிடத்திலிருந்து
கீழ்த் தையல் தொடங்குமிடத்துக்கு ஒரு சாய்வு,
அது முடிந்த இடத்திலிருந்து
மேலே அடுத்ததற்கு ஒரு சாய்வு.
அவ்வளவுதான்.
சும்மா கிடந்த கோடெல்லாம்
அறை அறையாகத் தேன்கூடு.

அவளுக்கு.

என் மாக்கோணித் துண்டில்
வரிசைகள் மாடு போன தடம்.
உவர்மலை ஏற்றத்தில்
பதினாலு பிள்ளைகளோடு
அரைக் கிளச்சில் வானைப் பிடித்து வைத்திருக்கிற ஆள் நான்,
இந்த அரை நெல் பிடிபடவில்லை.
"சவிரிமுத்தண்ணை, மகளுக்குச் சீதனமோ?"
சிரித்துவிட்டுப் போன லாபிர் நானா
திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.
"ஏழாம் வரிசையில ஒண்டு கூடிப்போச்சு."
ஒரு மான் கதவுக்குள் தலையை நீட்டி
நீல நூல்கட்டையை முகர்ந்து
பிடிக்காமல் போனது.
அதற்குச் சோற்றுப் பாசல் கடதாசிதான் வேண்டும்.

ஒன்பதாம் நாள்தான் விளங்கியது.
பெயர்தான் கிழிசல் தையல்.
இது எதையும் அடைக்காது.
நல்ல துணியில் அழகுக்குப் போடுவது.
கிழிசலில் ஊசி ஏற்றினால்
இரண்டு பக்கமும் இன்னும் பிரிகிறது.
ஊசியை உறையில் குத்திவைத்துவிட்டு
ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

பிறகு என்ன,
பழைய காற்சட்டையின் முழங்கால் துண்டை வெட்டி
சாதாரண ஒட்டுப் போட்டேன்,
எங்கள் ஊர்க் கைத்தையல், கிட்டக் கிட்ட.
அந்த ஒட்டின் மேல்
பன்னிரண்டு வரிசை ஜப்பான்.
தேவையில்லைதான்.
பழகின கையைச் சும்மா விட மனமில்லை.

அபிநயன் அதன்மேல் உட்காரவில்லை.
பக்கத்தில் ஒதுங்கி இருந்து
ஒற்றை விரலால் தடவிக்கொண்டு வந்தான்.
மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டத்தான் வாய் திறந்தான்.
"எத்தனை அறை, அங்கிள்?"
எண்ணு என்றேன்.
அன்று எழுபத்தொன்று என்றான்.
அடுத்த நாள் அறுபத்தொன்பது.
நானும் எண்ணிப் பார்த்தேன், எனக்கு வேறொன்று வந்தது.

திங்கட்கிழமை
இரண்டாவது சீற்றில் புதுசாய் ஒரு கிழிசல்.
அடிமட்டம் வைத்து வெட்டினது போல் நேர்.
கொம்பாஸ் அப்படிக் கிழிக்காது.
பிரேக்கை மிதித்து
முன்கண்ணாடியில் பார்த்தேன்.
பதினாலு முகமும் யன்னலுக்கு வெளியே
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன,
ஒருநாளும் திரும்பிப் பாராத கடலை.