ஐந்து நாற்பது

காஸ் அடுப்பு வெடித்தது என்கிறான் பிலேந்திரன்.
நிலாவெளிக் கரையில் அடுப்பு எதுவும் இல்லை.
பாதி ஏற்றிய படகு. அணியத்தில் கரி.
மச்சானின் கையை இரண்டு கையாலும் அமத்தியபடி
இருபது நிமிடமாக முழங்காலில் நிற்கிற இவன்.

அமத்திப் பிடியுங்கோ, எடுத்துப் பாக்காதேங்கோ என்று
தொலைபேசியில் ஒருத்தி சொன்னாளாம்.
பக்கத்தில் நின்ற பெடியன் அதைக் கத்திச் சொன்னானாம்.
எடுத்துப் பார்க்கவில்லை.
சாரம் ஊறி, மணல் ஊறி, விரல் மரத்த பிறகும்.
அல்போன்ஸ் உயிரோடு கிடப்பது அதனால்தான்.
அதைச் சொல்ல எனக்கு அப்போது நேரமில்லை.

முதலில் இரத்தம். பிறகுதான் மூச்சு.
காயத்துக்கு மேலே நாலு விரற்கடை, மூட்டில் படாமல்
பட்டியை இழுத்துத் தடியைத் திருகினேன்.
கத்தினான்.
கத்தினால் நல்லது, மூச்சுவழி திறந்திருக்கிறது.
இன்னுமொரு சுற்று.
சொட்டு நின்றது.
இனி ஆஸ்பத்திரி வரை ஒருவரும் தளர்த்தக் கூடாது,
அவன் கெஞ்சினாலும். கெஞ்சுவான்.

நேரம் எழுத வேண்டும். ஈரத்தில் பேனை எழுதவில்லை.
ஒக்சிசன் சிலிண்டரில் திகதி போடுகிற மார்க்கரை
நிமல்சிறி எறிந்தார்.
சாம்பல் புதனில் பாதர் சிலுவை இழுக்கிற இடத்தில்
5.40 என்று எழுதினேன்.

ஒருத்தி தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தாள்.
வேண்டாம் அக்கா, உதட்டை மட்டும் நனையுங்கோ.
நனைந்த சேர்ட்டை வெட்டி எடுத்துப் போர்வை போட்டேன்.
இந்த ஊர் வெக்கையில் போர்வையா என்றார்கள்.
உடம்பு குளிர்ந்தால்
இரத்தம் உறைய மறந்துவிடும்.

கதவு சாத்தியதும் கேட்டேன்:
தண்ணிக்குள்ளயா, படகிலயா?
பேசாமல் இருந்தான். திரும்பக் கேட்டேன்.
"அடுப்பு, மிஸ்."
நான் பொலிசுக்குக் கேக்கேல்ல, பிலேந்திரன்.
இவன்ர நெஞ்சுக்குக் கேக்கிறன்.
தண்ணிக்குள்ள எண்டா வெளியில ஒரு கீறலும் இல்லாமல்
குடல் கிழிஞ்சிருக்கும்.

சாம்பல்தீவுப் பாலம் போனது.

"படகில. திரி கட்டை.
எறியடா எண்டன். மீன் கிட்ட வரட்டும் எண்டான்."

நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரேயளவாக ஏறி இறங்கியது.
வயிறு இளகியிருந்தது.
காதில் டோர்ச் அடித்தேன். இரண்டிலும் இரத்தம்.

நிமல்சிறிக்குத் தமிழில் ஒரு சொல் நன்றாக வரும்: பொறுங்கோ.
பள்ளத்துக்குச் சொன்னார், வளைவுக்குச் சொன்னார்,
உப்புவெளியில் குறுக்கே வந்த மாட்டுக்கும் சொன்னார்.

பிலேந்திரன் காலுக்கிடையில் வைத்திருந்த
ஐஸ் பெட்டியைத் திறந்தான்.
சூடை மீனுக்கு மேலே, வெறும் ஐஸில், இரண்டு விரல்.
ஈரத் துணியில் சுற்றி, பையில் கட்டி, பிறகே ஐஸில் வைக்க வேண்டும்.
வெடியில் பிய்ந்தது ஒட்டாது, எனக்குத் தெரியும்.
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.
சுற்றினேன். கட்டினேன். வைத்தேன்.

சத்திரசிகிச்சை டொக்டர் நெற்றியைப் பார்த்தார்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

எப்படி நடந்தது என்று படிவத்தில் ஒரு கட்டம்.
வெடிப்பு, படகில், கையில் இருக்கும்போது.
பொலிசும் வாசிக்கிற படிவம் அது.
பாலத்தடியில் அவனிடம் கேட்டபோது
அது எனக்கு நினைவிருந்ததா?
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஸ்ரெச்சரைக் கழுவினேன். மணல், செதில்.
வாங்கில் பிலேந்திரன் இருந்தான்,
கைக்கு மேல் கை வைத்து
இல்லாத ஒன்றை அமத்தியபடி.
இனி விடலாம், தம்பி.
விடவில்லை.
விடலாம் என்றேன், கொஞ்சம் உரக்க.
முகத்தைத் திருப்பி என் வாயைப் பார்த்தான்.

காதைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தேனே என்று
அப்போதுதான் உறைத்தது.
அவனும் அதே படகில் இருந்தவன்.
அவனுடைய கழுத்தோரம் காய்ந்து கறுத்திருந்த கோட்டை
மச்சானுடைய இரத்தம் என்று
அவ்வளவு தூரமும் நினைத்து வந்திருக்கிறேன்.

டோர்ச்சை எடுத்தேன்.
"பொறுங்கோ" என்றேன்.
அது அவனுக்குக் கேட்கவில்லை.